வைத்தியச் செலவும் வள்ளத்தின் விலையும்

சேரன்மகாதேவி என்றதும் தாமிரபரணியும் நெல்வயலும் நவகைலாயங்களுள் ஒன்றான அம்மைநாதர் கோயிலும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட வருவாய்க் கோட்டம் ஆற்றங்கரையோடு முடிந்துவிடுவதில்லை. பொதிகை அடிவாரத்து அம்பாசமுத்திரத்தில் தொடங்கி, நாங்குநேரியின் குளத்துப் பாசன நிலங்களைக் கடந்து, இராதாபுரம், திசையன்விளை வட்டங்களின் வழியாக அது கடலைத் தொடுகிறது. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்பனை, கூடுதாழை என்று மன்னார் வளைகுடாவை நோக்கி வரிசையாக அமைந்த மீனவ ஊர்கள் யாவும் நிர்வாகக் கணக்கில் இக்கோட்டத்தைச் சேர்ந்தவை. திருநெல்வேலி மாவட்டத்திற்கு உள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடற்கரையும் இதுவே. இங்கே பெரிய விசைப்படகுத் துறைமுகம் கிடையாது என்பதால், ஒரு குடும்பத்தின் முழு முதலும் பெரும்பாலும் ஒரே ஒரு வள்ளத்தில் அடங்கியிருக்கிறது. அந்த வள்ளத்தின் உரிமையாளர் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ விழும்போது, அதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்னும் கேள்வி மருத்துவமனை வாசலிலேயே எழுந்துவிடுகிறது. அக்கேள்விக்கு எப்படி விடை தேடுவது என்பது கடற்கரைக்கு வெளியே அதிகம் பேசப்படாத செய்தி.

வள்ளம் என்பது முற்காலத்தில் பலகைகளை இணைத்துக் கட்டப்பட்ட திறந்த படகு. இன்று பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்க்கப்படுகிறது. பின்புறத்தில் தொங்கும் வெளிப்பொருத்து இயந்திரத்தை ஒருவர் கையால் திருப்பியே படகுக்குத் திசை கொடுக்கிறார். தூண்டில் வளைவு, அதாவது அலையின் வேகத்தைத் தடுக்கக் கடலுக்குள் வளைத்துக் கட்டிய கற்சுவர், அமைந்த ஊர்களில் வள்ளத்தை இறக்குவது ஓரளவு எளிது; அது இல்லாத இடங்களில் நாலைந்து பேர் தோள் கொடுத்து மணலில் தள்ளி, அலை உடையும் கோட்டைத் தாண்டும்வரை இடுப்பளவு நீரில் பிடித்து நிற்க வேண்டும். 9.9 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோ எடை உடையது. கரை திரும்பியதும் அதைக் கழற்றித் தோளில் சுமந்து வீடு கொண்டு சேர்ப்பதும் அன்றாட வேலையே. நோய்வாய்ப்பட்டவர் மீண்டும் தொழிலுக்குப் போக முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பத்தார் இவற்றை விவரிக்காமல் “கடல் வேலை” என்று மட்டும் சொன்னால், கிடைக்கும் பதில் அரைகுறையாகவே இருக்கும்.

விற்கும் முடிவுக்கு அடிப்படையாக அமைய வேண்டியது பங்குக் கணக்கு. இக்கடற்கரையில் மாதச் சம்பளம் என்பது அரிது. கரையில் ஏலம் போன மீனின் விலையிலிருந்து எரிபொருள், பனிக்கட்டி, இரை, சாப்பாடு ஆகிய செலவுகளைக் கழித்து, பல ஊர்களில் கோயிலுக்கெனவும் ஒரு பகுதியை ஒதுக்கி, எஞ்சியதை வள்ளத்திற்கும் வலைக்கும் ஒரு கூறு, ஆட்களுக்கு ஒரு கூறு என்று பிரிப்பதே வழக்கம். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். கணக்குக்காக ஒரு நாளின் மீன் 10,000 ரூபாய்க்குப் போனதென்றும், செலவு 2,000 ரூபாய் என்றும், எஞ்சிய 8,000 ரூபாயில் பாதி வள்ளத்திற்கும் பாதி நான்கு ஆட்களுக்கும் சேருவதென்றும் கொண்டால், தானும் கடலுக்குப் போகும் உரிமையாளருக்கு வள்ளப்பங்காக 4,000 ரூபாயும் ஆள்பங்காக 1,000 ரூபாயும் கிடைக்கும். நோய் அவரிடமிருந்து நேரடியாகப் பறிப்பது அந்த ஆயிரத்தை மட்டுமே. நாலாயிரத்தைப் பறிப்பது வள்ளத்தை விற்பது. அவர் இல்லாமல் போகும் வள்ளம் 7,000 ரூபாய்க்கே மீன் கொண்டுவருகிறது என்று குறைத்து மதிப்பிட்டாலும் வள்ளப்பங்கு 2,500 ரூபாய் நிற்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவருக்குத் தொடர்ந்து வரும் வருமானம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த எளிய கணக்கு பலரின் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், சம்மாட்டி என்று கிழக்குக் கடற்கரையில் வழங்கப்படும் படகு உரிமையாளரும், இயந்திரம் பிடிப்பவரும், மீன் இருக்குமிடம் அறிந்தவரும் சிறு வள்ளங்களில் ஒரே ஆளாக இருப்பதே. அவர் விழுந்ததும் தொழிலே விழுந்துவிட்டதாகக் குடும்பம் எண்ணிவிடுகிறது. வள்ளப்பங்கிலிருந்துதான் வலை மாற்றவும், இயந்திரம் பழுதுபார்க்கவும், கடன் கட்டவும் வேண்டும் என்பதும், புதிதாக இயந்திரம் பிடிக்க வருபவர் சற்றுக் கூடுதலாக எதிர்பார்ப்பார் என்பதும் உண்மையே. அவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவு அச்சத்தின் முடிவாகவே அமையும்.

காலத்தின் கணக்கும் இதற்கு இணையானது. இதயத் தமனி மாற்றுவழி அறுவைச் சிகிச்சையில் பிளக்கப்படும் மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது என்பதற்காக அதன் பின்னும் முடியாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பக்கவாதத்தில், அதாவது மூளைக்குச் செல்லும் குருதி தடைபடுவதாலோ குருதிக்குழாய் வெடிப்பதாலோ உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் நிலையில், மீட்சி முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், ஆறு மாதம் வரை கணிசமாகவும், அதன்பின் மெதுவாகவும் நிகழ்கிறது. ஆகவே முதல் மாதத்தில் அசையாத கையைப் பார்த்து வள்ளத்தை விலை பேசுவது, முடிவு தெரிவதற்கு முன்பே முடிவெடுப்பதாகும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின்படி இயன்முறை மருத்துவமும், நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளும் வீட்டுக்கே வருகின்றன. அதை முறையாகப் பயன்படுத்தி ஆறு மாதம் காத்திருப்பது பெரும்பாலான குடும்பங்களால் இயலக்கூடியதே.

கடலுக்கு மட்டுமே உரிய சில தடைகளை மறைக்கக் கூடாது. நிலத்தில் நடமாடும் அளவுக்குத் தேறியவரும் ஆடும் வள்ளத்தில் நிலை தடுமாறலாம். குருதி உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவருக்குத் தூண்டில் முள்ளோ வலைக்கயிறோ கிழிக்கும் சிறு காயமும் கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் நிற்காத இரத்தப்போக்காக மாறலாம். நீண்டநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கியவர், ஈரத் தளத்தில் கிடந்த மீன்முள் ஏறியதை மறுநாள் கால் வீங்கிய பிறகே அறிகிறார். மூளைப் பாதிப்புக்குப் பின் வலிப்பு வந்தவர் இயந்திரத்தின் கைப்பிடியைத் தனியாகப் பிடிப்பது அவரோடு செல்பவர்களுக்கும் ஆபத்து. இத்தகையவர் கடலுக்குப் போகக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் போகக் கூடாது என்பதும் வள்ளம் போகக் கூடாது என்பதும் ஒன்றல்ல.

அரசின் பாதுகாப்பு வலையில் இங்கே ஒரு பெரிய கிழிசல் உண்டு. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் மீனவர்களுக்கான குழுக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாயும் வழங்குகிறது. எனினும் அது விபத்துக் காப்பீடு. அலை தூக்கி அடித்துக் கை ஒடிந்தவருக்குக் கிடைப்பது, அதே கை பக்கவாதத்தில் செயலிழந்தவருக்குக் கிடைப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இதய, சிறுநீரக நோயாளிகள் இதனால் பெரிதும் பயனடைகின்றனர். ஆயினும் நோயாளி உழைக்காத மாதங்களின் வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் இவ்விரு திட்டங்களும் ஏற்பதில்லை. கடலில் உழைத்து உடலைத் தேய்த்தவருக்கு நோயும் தொழிலின் இழப்பே என்பதை ஏற்று, வருமான இழப்புக்கும் ஓர் ஏற்பாடு செய்யப்படாதவரை, மருத்துவமனை வாசலில் வள்ளங்கள் விலை பேசப்படுவது நிற்காது.

அப்படி விலை பேசப்படும்போது வாங்க வருபவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. வலை வாங்கவும் இயந்திரம் மாற்றவும் மீன் வியாபாரியிடமோ ஏலக்காரரிடமோ முன்பணம் பெற்றிருப்பது இத்தொழிலில் பொதுவான நடைமுறை. அதற்கு ஈடாகப் பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும். வள்ளம் ஓடும்வரை இக்கடன் நெருக்குவதில்லை. உரிமையாளர் படுத்துவிட்டார் என்ற செய்தி பரவியதும், கடனை ஈடுகட்ட வள்ளத்தையே எடுத்துக்கொள்ளும் பேச்சு தொடங்குகிறது. அதேபோல் உரிமையாளர் தம் ஆட்களுக்குக் கொடுத்து வைத்திருக்கும் முன்பணம், அவர்கள் வேறு வள்ளத்திற்கு மாறியதும் திரும்புவது கடினம். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது இரண்டையும் எழுதி, ஊர்ப் பெரியவர்களோ பங்குத்தந்தையோ முன்னிலையில் தவணை பேசி வைப்பது, விற்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை. கரையில் மீன் விற்பதும் கடன் வாங்குவதும் திருப்புவதும் பல வீடுகளில் பெண்களின் பொறுப்பாகவே இருப்பதால், மனைவியின் கணக்கைக் கேளாமல் ஆண் உறவினர்கள் மட்டும் கூடிப் பேசும் விலை பெரும்பாலும் தவறான விலையாக அமைகிறது.

விற்கும் பருவமும் விலையைத் தீர்மானிக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கரையோரம் தொழில் செய்யும் நாட்டுப்படகுகளின் மீனுக்கு அப்போது நல்ல கிராக்கி உண்டு. தென்மேற்குக் காற்று பலத்துக் கடலுக்குப் போக முடியாத நாள்கள் கூடும்போது வள்ளத்தைக் கேட்பாரும் குறைவு, கேட்கும் விலையும் குறைவு.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. கண்ணாடியிழை வள்ளம் மணலில் சும்மா கிடந்தால் வெயிலில் மேற்பூச்சு வெளுத்து, நுண்வெடிப்புகள் விழும். ஓலையோ தார்ப்பாயோ கொண்டு மூடுவது அவசியம். பலகை வள்ளமானால் மரம் உலர்ந்து இணைப்புகள் விரிந்துகொள்ளும். இயந்திரத்தின் குளிரூட்டும் குழாய்களில் தங்கிய உப்பு இறுகாமலிருக்க நன்னீரில் ஓடவிட்டுக் கழுவி, எரிபொருளை வடித்து, கொட்டகையில் நிறுத்தி வைக்க வேண்டும். எலி கடித்த வலைக்கு விலையே இல்லை. எனவே விற்பதும் இல்லாமல் ஓட்டுவதும் இல்லாமல் ஓராண்டு கிடப்பில் போடுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. பல வீடுகளில் முடிவெடுக்கத் தயங்குவதன் பெயரில் நடப்பதும் அதுவே.

இரண்டுக்கும் நடுவே வேறு வழிகள் உள்ளன. மகனோ மைத்துனனோ நம்பகமான கூட்டாளியோ இயந்திரம் பிடிக்க, வள்ளப்பங்கு வீட்டுக்கு வரும்படி செய்யலாம். ஆழ்கடலுக்குரிய விலையுயர்ந்த வலையை மட்டும் விற்றுவிட்டு, அண்மைக் கடலில் போய்த் திரும்பும் நண்டு வலைக்கோ தூண்டிலுக்கோ மாறலாம். நோயிலிருந்து தேறியவர் கரையில் அமர்ந்து வலை பொத்தலாம். கிழிந்த கண்ணிகளை நூல் கொண்டு சேர்த்து முடியும் இவ்வேலை, கூலி கொடுத்துச் செய்யவேண்டிய ஒன்று என்பதோடு, மடங்க மறுக்கும் விரல்களுக்குப் பயிற்சியாகவும் அமைகிறது. இத்தனை ஆண்டு கடலை அறிந்தவரின் அறிவும் சொத்தே. முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் சிகரத்தையும் கரையின் கோயில் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்து நினைவில் பதித்த பார்களின் இடங்கள், அதாவது மீன் அடையும் கடலடிப் பாறைத் திட்டுகளின் இடங்கள், இன்று உள்ளங்கையளவு ஜி.பி.எஸ். கருவியில் எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ளன. வள்ளத்தோடு சேர்த்து அக்கருவியையும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிடுபவர்கள், அதற்குள் இருபது முப்பது ஆண்டுத் தேடல் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விற்பதே சரியான வழியாகும் நிலைகளும் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தில் குருதி சுத்திகரிக்கப்பட வேண்டியவர் வீட்டில், தொழிலைக் கவனிக்க வேறு ஆளும் இல்லாமல், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்ட நிலையில், வள்ளத்தை வைத்திருப்பது கடனையே வளர்க்கும். கடலுக்கு அஞ்சும் மகனை அப்பாவின் வள்ளத்துக்காகக் கடலில் இறக்குவதும் நியாயமன்று. அப்போது விற்பனை ஒழுங்காக நடைபெற வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 இன்கீழ் படகுகளின் பதிவும் உரிமமும் மீன்வளத் துறையிடம் உள்ளன. கைமாறிய பிறகும் பதிவு பழைய பெயரிலேயே இருந்தால், வாங்கியவர் செய்யும் விதிமீறலுக்கு விற்றவர் பதில் சொல்ல நேரலாம். வாங்கியவருக்கும் மானிய எரிபொருள் பெறுவதில் சிக்கல் எழும். மானியத்தில் வாங்கிய வள்ளமாயின் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாதென்ற நிபந்தனை உள்ளதா என்பதையும், வங்கிக் கடன் நிலுவையையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். உரிமையாளர் கையொப்பமிடும் நிலையில் இருக்கும்போதே இவற்றை முடிப்பது நல்லது. அவர் மறைந்த பின் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, வாரிசுகள் அனைவரின் ஒப்புதலையும் திரட்டும்வரை வள்ளத்தைக் கைமாற்ற முடியாது.

விலை பேசும்போது வள்ளம், இயந்திரம், வலை, ஜி.பி.எஸ். கருவி என்று தனித்தனியே மதிப்பிடுவதே இலாபம். மொத்தமாகக் கேட்பவர் வலைக்கு விலை வைப்பதில்லை. பழைய ஆட்களுக்குப் புதிய உரிமையாளரிடம் இடம் கிடைக்குமாறு பேசி முடிப்பதும் விற்பவரின் கையில் உள்ளது, ஏனெனில் ஒரு வள்ளம் கைமாறும் நாளில் இன்னும் மூன்று வீடுகளில் அடுப்பைப் பற்றிய கவலை தொடங்குகிறது.