பாஸ்வேர்டு சரி... ஆனாலும் லாகின் ஆகவில்லை! பள்ளி லினக்ஸ் சர்வரில் என்ன நடக்கிறது?

பள்ளி கம்ப்யூட்டர் லேப். மாணவி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் டைப் செய்கிறார். திரை ஒரு நொடி கறுப்பாகிறது. மறுபடியும் அதே லாகின் பக்கம். எந்த எச்சரிக்கையும் இல்லை. பக்கத்து சீட்டிலும் இதே கதை. கொஞ்ச நேரத்தில் மொத்த வகுப்பும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

'பாஸ்வேர்டை மாத்திப் பார்ப்போம்' என்பதுதான் பெரும்பாலும் முதல் யோசனை. ஆனால், பாஸ்வேர்டு தப்பு என்றால் லினக்ஸ் அதைச் சொல்லிவிடும். உள்ளே விட்டுவிட்டு உடனே வெளியே தள்ளுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. எல்லா மாணவர்களின் ஃபைல்களும் இருக்கும் சர்வரின் டிஸ்க்!

ஹோம் டைரக்டரி... அப்படின்னா?

லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஃபோல்டர் உண்டு. அதுதான் ஹோம் டைரக்டரி. எழுதிய புரோகிராம், பிரவுசர் புக்மார்க், வால்பேப்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். வீட்டு லேப்டாப்பில் இது அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும். பள்ளியில் அப்படி வைக்க முடியாது. இன்று 5-ம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காரும் மாணவர், நாளை 12-ம் நம்பரில் உட்காருவார்.

அதனால் எல்லோருடைய ஹோமையும் ஒரே சர்வரில் வைத்து, நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காட்டுகிறார்கள். இதற்குப் பயன்படும் என்எஃப்எஸ் தொழில்நுட்பத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கியது. நார்வேயில் 2001-ல் பள்ளிகளுக்காகவே தொடங்கிய ஸ்கோலேலினக்ஸ், இன்று டெபியன் எடு என்ற பெயரில் இதே முறையில் இயங்குகிறது.

வசதிதான். ஆனால், ஒரே டிஸ்க்கை நம்பி மொத்தப் பள்ளியும் இருக்கிறது. டெஸ்க்டாப் திறக்கும்போதே ஹோமுக்குள் சில குட்டி ஃபைல்களை எழுதியாக வேண்டும். இடம் இல்லையென்றால் எழுத முடியாது. டெஸ்க்டாப் அப்படியே மூடிக்கொள்ளும். மாணவர் மீண்டும் லாகின் பக்கத்தில்.

முதல் கேள்வி: யாருக்கு நடக்குது?

கமாண்ட் எதையும் டைப் செய்வதற்கு முன்பு இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லோருக்கும் என்றால் சர்வரைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாணவருக்கு மட்டும், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் என்றால் அவருக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்திருக்கலாம். அல்லது அவருடைய ஃபைல்களின் உரிமை மாறியிருக்கலாம்.

ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், யார் உட்கார்ந்தாலும் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் சர்வரின் ஃபோல்டரோடு இணையவில்லை. இங்கே ஓர் ஆபத்து உண்டு. சில அமைப்புகளில் அந்தக் கம்ப்யூட்டரே காலியான ஒரு ஹோமை உருவாக்கிக்கொள்ளும். மாணவர் 'என் புராஜெக்ட் காணாம போச்சு' என்று பதறுவார். உண்மையில் அது சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால், அன்று அவர் சேமிப்பது மட்டும் அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும்.

லாகின் திரும்பி வராமல் திரை அப்படியே உறைந்து நின்றால், அது இடப் பிரச்னையாக இருக்க வாய்ப்பு குறைவு. சர்வரோ நெட்வொர்க்கோ பதில் தரவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் போடுவதால் பலன் இல்லை. முதலில் சர்வரை எழுப்ப வேண்டும்.

'எனக்கு வேலை செய்யுதே!'

சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை டிஎஃப் என்ற கமாண்ட் காட்டும். இதில் மூன்று இடங்களில் பலரும் ஏமாறுவார்கள்.

முதலாவது, ஒதுக்கீடு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், வழக்கமாக 5% இடத்தை ரூட் எனப்படும் நிர்வாகி கணக்குக்காகத் தனியாக எடுத்துவைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. சர்வரில் ரூட்டாக நுழைந்து ஒரு ஃபைலைச் சேமித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். மாணவர்களுக்கோ இடம் பூஜ்யம். சோதிப்பதென்றால் மாணவர் கணக்கில்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஐநோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு எண் தேவை. இஎக்ஸ்டி4-ல் மொத்தம் எத்தனை எண்கள் என்பது டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால், இடம் மிச்சம் இருந்தும் 'இடம் இல்லை' என்ற பதில் வரும். டிஎஃப் கமாண்டோடு ஐ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது, அழித்தும் குறையாத இடம். ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர் மறையும், இடம் திரும்பாது. அந்த புரோகிராம் ஃபைலை மூடினால்தான் திரும்பும். எது பிடித்து வைத்திருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் காட்டிக்கொடுக்கும்.

இடத்தை விழுங்குவது யார்?

எந்த ஃபோல்டர் எவ்வளவு எடுத்திருக்கிறது என்பதை டியூ கமாண்ட் பட்டியலிடும். வழக்கமாக மாட்டுபவை நான்கு: பிரவுசர் கேச், டவுன்லோடு செய்த வீடியோ, படித்து முடித்துப் போனவர்களின் பழைய ஹோம், குப்பைத்தொட்டி. 'டெலீட் பண்ணிட்டேன் சார்' என்று மாணவர் சொல்வது உண்மைதான். ஆனால், டெஸ்க்டாப்பில் டெலீட் செய்தது குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். அந்தத் தொட்டியும் அவருடைய ஹோமுக்குள்தான் இருக்கிறது!

பிரவுசர் கேச்சை மாணவர் லாக் அவுட் ஆன பிறகு தயங்காமல் அழிக்கலாம். அதைச் சர்வருக்கு அனுப்பாமல் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்க வைத்தால் நெட்வொர்க் பளுவும் குறையும்.

பழைய மாணவர்களின் ஹோமில்தான் நிதானம் தேவை. லினக்ஸ் ஒரு ஃபைலின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கும். கணக்கை மட்டும் நீக்கிவிட்டு ஃபைல்களை விட்டுவைத்து, அதே எண்ணைப் புதிய மாணவருக்குக் கொடுத்தால், முன்பு படித்தவரின் ஃபைல்கள் எல்லாம் இவருக்குச் சொந்தமாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு என்ன?

டிஸ்க் எல்விஎம் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், புதிய டிஸ்க்கைச் சேர்த்து ஹோம் பகுதியைப் பெரிதாக்கலாம். மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இஎக்ஸ்டி4-ஐ விரிக்க முடியும். ஆனால், டிஸ்க் பெரிதாகப் பெரிதாக வீடியோவும் பெரிதாகும்.

நிற்கும் தீர்வு, கோட்டா. அதாவது, ஆளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு. 600 மாணவர்களுக்கு ஆளுக்கு 2 ஜிபி என்றால் மொத்தம் 1,200 ஜிபி. சர்வரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். கோட்டாவில் இரண்டு எல்லைகள் உண்டு. முதல் எல்லையைத் தாண்டினால் வழக்கமாக 7 நாள் அவகாசம். இரண்டாவது எல்லையைத் தாண்டவே முடியாது. கோட்டா இல்லாத லேபில் ஒருவர் இறக்கிய சினிமா, மொத்த வகுப்பின் பிராக்டிகலை நிறுத்தும். கோட்டா இருந்தால் அவர் ஒருவர் மட்டும் ஃபோல்டரைச் சுத்தம் செய்துவிட்டு வருவார்.

கடைசியாக, பேக்கப். இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். சர்வருக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும். லேப் ஒரு மணி நேரம் நின்றால் வகுப்பை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாணவி வருடம் முழுக்க எழுதிய புராஜெக்ட் போனால், அதைத் திருப்பித் தர எந்தக் கமாண்டும் இல்லை.