கரிசலில் ஜீப் ஓட்ட எந்த டயர் வேண்டும்?

மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டித் தெற்கே போனால் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், களியாகிவிடும்! நடப்பவர் செருப்பைத் தூக்க முடியாது.

அந்த வண்டிப் பாதையில் இருட்டு நேரத்தில், பிள்ளைகுட்டிகளோடு ஜீப் மாட்டிக்கொண்டால்?

நான்கு சக்கரமும் சுற்றும். வண்டி மட்டும் நகராது!

எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் மண்ணைத் தொடுவது டயர்தான். அந்த டயரை வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பெரிதாக, தடியாக இருந்தால் நல்லது' என்று நினைக்கிறார்கள். அது எல்லா இடத்திலும் சரியில்லை.

ஒல்லி டயர்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அதாவது, டயரின் அகலம் 6 அங்குலம். அது பொருந்தும் ரிம்மின் குறுக்களவு 16 அங்குலம். இன்றைய டயருக்குப் பக்கத்தில் வைத்தால் நோஞ்சான்தான். ஆனால், மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள இடத்தில் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி, தரையைப் பிடித்துக்கொள்ளும்.

ஆற்று மணலில் கதை வேறு. அங்கே அகல டயர்தான் புதையாமல் மிதக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து இன்னும் நன்றாகப் போகும். தார் ரோட்டில் வேகம் எடுக்குமுன் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும்!

கரிசல் களிக்கு டயரின் கட்டைகள் இடைவெளிவிட்டு இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் மண் அடைத்து டயர் வழவழவென்று ஆகிவிடும். நல்ல மழையில் எந்த டயரும் உதவாது. ஈரம் காயும்வரை காத்திருப்பதே புத்தி.

எண்ணைப் படிப்பது எப்படி?

2020-ல் வந்த மகிந்திரா தார் வண்டி இரண்டு டயர் அளவுகளில் கிடைத்தது. ஒன்று 245/75 ஆர்16. மற்றது 255/65 ஆர்18.

முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி எண் ரிம், அங்குலத்தில்.

கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச் சுவர் 184 மில்லிமீட்டர். இரண்டாவதற்கு 166 தான். கல்லில் மோதும்போது ரிம்மைக் காப்பது இந்தச் சுவர். ஆகவே, கரட்டுப் பாதைக்குச் சின்ன ரிம்தான் நல்லது. பெரிய ரிம் பார்க்கத்தான் அழகு!

அளவுக்கு மிஞ்சிய டயர் போட்டால் மீட்டரும் பொய் சொல்லும். டயரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும்.

ஆணியும் முள்ளும்

மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் விட்டார். அந்தக் காலத்து டயருக்கு எமன், மாட்டு லாடத்திலிருந்து உதிரும் ஆணி. காந்தம் கட்டிய வண்டியை முன்னே விட்டு ஆணி பொறுக்கினார்கள் என்று சொல்வார்கள். இன்று அந்த வேலையைச் சீமைக் கருவேல முள் செய்கிறது.

ஆகவே ஸ்டெப்னி வேண்டும். வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் 1904-ல் பிறந்த பெயர் அது! மற்ற நான்கின் அளவிலேயே அதுவும் இருக்க வேண்டும். முன் சக்கரம் ஓர் அளவு, பின் சக்கரம் ஓர் அளவு என்றால், நான்கு சக்கர இழுவையில் ஒன்றையொன்று மல்லுக்கட்டிக் கியர்ப் பெட்டி கெடும்.

கடைக்காரர் அபூர்வமான அளவைக் காட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது திருமங்கலத்தில் கிடைக்குமா?"