கடம்பத்தூரா... கும்மிடிப்பூண்டியா? திருவள்ளூர் மாவட்டத்துக்கு குடிபோறவங்க என்னென்ன பார்க்கணும்?

சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. வேலையோ அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என ஏதோ ஒரு தொழிற்பேட்டையில். 'கொஞ்சம் தள்ளிப் போனா சொந்தமா ஒரு மனையே வாங்கிடலாமே' என்று கணக்குப் போடும் குடும்பங்களின் பார்வை இப்போது திருவள்ளூர் மாவட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. 1997 ஜனவரி 1-ம் தேதி தனி மாவட்டமான திருவள்ளூரில் 2001-ல் சுமார் 27.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-ல் அது 37 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டில் 35 சதவீத உயர்வு. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. அந்த எல்லை இப்போது அரக்கோணம் பக்கம் வரை நீள்கிறது.

ஆனால், 'சென்னைக்குப் பக்கம், வளர்ற ஏரியா' என்ற ஒரே வரியை நம்பி லட்சக்கணக்கில் லோன் போடலாமா? எந்த ஊரைத் தேர்வு செய்வது? கடம்பத்தூரை மையமாக வைத்துப் பார்ப்போம்.

ஒரே மாவட்டம்தான்... ஆனா தடம் வேற!

கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் சென்ட்ரலில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 45 முதல் 50 கிலோமீட்டருக்குள். இரண்டுக்கும் புறநகர் மின்சார ரயில் உண்டு. பேப்பரில் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும்.

மேப்பில் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். கடம்பத்தூர் மேற்குத் தடம். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டி அரக்கோணம் போகிற வழி. கும்மிடிப்பூண்டி வடக்குத் தடம். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கூடூர் போகிற வழி. இரண்டுக்கும் நடுவே நேரடி ரயில் கிடையாது. ரயிலில்தான் போகணும் என்றால் சென்னைக்கு வந்து மாறித்தான் போக வேண்டும்.

அதனால் முதல் கேள்வி 'எந்த ஊர் நல்லா வளருது?' என்பது இல்லை. 'வேலை எந்தத் தடத்தில் இருக்கு?' என்பதுதான்.

வேலைக்கு ஏத்த ஊர் எது?

* அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர் பக்கம் வேலை: மேற்குத் தடம் சரியாக வரும். 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவும் இதே வழியில்தான். ஆனால் ஒரு விஷயம். பல புறநகர் ரயில்கள் ஆவடியிலோ திருவள்ளூரிலோ நின்றுவிடும். அதைத் தாண்டி கடம்பத்தூர் வருபவை குறைவு. தினமும் ரயிலை நம்பியே போகிறவர்களுக்குத் திருவள்ளூருக்கும் கடம்பத்தூருக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர் பெரிய வித்தியாசம்.

* திருவள்ளூரைச் சுற்றியே வேலை: மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறது. ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரித்த அதிகத்தூர் ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. இங்கு வேலை செய்பவர்களுக்குக் கடம்பத்தூர் பக்கத்து ஊர்.

* ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வேலை: இங்குதான் பலர் ஏமாறுவது. ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையமே இல்லை. கடம்பத்தூரில் இருந்து மப்பேடு வழியாகச் சாலையில்தான் போகணும். கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வருகிறது, நைட் ஷிப்ட் முடிந்தால் எங்கே இறக்கிவிடும் என்பதைக் கேட்காமல் வீடு பார்க்கக் கூடாது.

* கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர், காட்டுப்பள்ளி வேலை: வடக்குத் தடத்தில் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. மிச்செலின் டயர் ஆலை இருக்கும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கு ரயில் கிடையாது. அதுவும் சாலைப் பயணம்தான்.

கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர், மனைவிக்கு அம்பத்தூர் என்று வேலை இருந்தால்? யாருடைய பயணம் கஷ்டமானதோ, அவருக்கு ஏற்ற ஊர்தான் சரியான ஊர். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் கூடுதலானால் மாதம் 25 வேலை நாளுக்கு 37 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கிட்டத்தட்ட நான்கைந்து வேலை நாள்! மனை விலையில் மிச்சம் பிடித்தது இந்த நேரத்திலும் பெட்ரோலிலும் கரைந்துவிடக் கூடாது.

ஒரே தடத்தை நம்பி இருப்பதிலும் ரிஸ்க் உண்டு. 2025 ஜூலை 13-ம் தேதி அதிகாலை, திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தபோது, அரக்கோணம் மார்க்கத்தில் ரயில் சேவை முடங்கியது. இப்படி ரயில் இல்லாத நாளில் வேலைக்குப் போக பஸ் வழி இருக்கிறதா என்பதையும் பார்த்து வைப்பது நல்லது.

'பக்கத்துலயே ரிங் ரோடு வருது சார்!'

மனை விற்பவர்கள் முதலில் சொல்லும் டயலாக் இதுதான். சொல்லும் திட்டங்கள் பொய் இல்லை.

எண்ணூர் துறைமுகத்தில் இருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரை செல்லும் சென்னை எல்லைச் சாலையின் நீளம் சுமார் 133 கிலோமீட்டர். இது முழுதாக வந்தால் வடக்குத் தடத்தையும் மேற்குத் தடத்தையும் சென்னைக்குள் நுழையாமலே இணைக்கும். கடம்பத்தூர் ஒன்றியத்தில் உள்ள மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் பல்முனைய சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26-ம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 1,400 கோடி ரூபாய்க்கு மேல். அதற்குக் கடம்பத்தூரில் இருந்து ரயில் இணைப்பும் திட்டத்தில் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்ற அறிவிப்பு 2022-ல் வந்தது. அங்கு ஏகனாபுரம் மக்களின் போராட்டமும் தமிழகம் முழுக்கத் தெரிந்ததுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, அறிவிப்பு வேறு, அடிக்கல் வேறு, திறப்பு வேறு. ஆவடியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் திட்டம். அதை நம்பி அன்றைக்கே மனை வாங்கியவர்கள் ரயில் ஏறவில்லை.

இரண்டு, சாலைக்குப் பக்கத்தில் இடம் இருப்பதும், அந்தச் சாலையில் ஏறும் வழிக்குப் பக்கத்தில் இடம் இருப்பதும் ஒன்றல்ல. மேடான பெரிய சாலை, ஊரை இரண்டாகப் பிரித்து சுற்றுப்பாதையையும் உண்டாக்கலாம்.

மூன்று, சரக்குப் பூங்கா வந்தால் வேலை வரும். கூடவே கண்டெய்னர் லாரிகளும் வரும். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ரோடு அதுதானா என்பதைப் பார்க்கணும்.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிது: 'இந்தத் திட்டம் எதுவுமே அடுத்த பத்து வருஷத்துக்கு வரலைன்னாலும் இந்த ஊர்ல நம்ம குடும்பம் வாழ முடியுமா?' முடியும் என்றால் வாங்கலாம். வரும் திட்டம் போனஸ்.

தண்ணி... இருந்தாலும் பிரச்னை, இல்லைன்னாலும் பிரச்னை

சென்னைக்குத் தண்ணீர் தரும் மாவட்டம் இது. பூண்டி, புழல், சோழவரம், தேர்வாய் கண்டிகை ஏரிகள் எல்லாம் இங்கேதான். சென்னையில் சாக்கடையாக ஓடும் கூவம் ஆற்றுக்குப் பெயர் தந்த கூவம் கிராமமும் கடம்பத்தூர் பக்கம்தான்.

ஆற்றுக்கும் ஏரிக்கும் பக்கம் என்பது கோடையில் வரம், ஐப்பசி, கார்த்திகையில் கவலை. பூண்டியில் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றின் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். 2021 நவம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியான மணலி புதுநகரை வெள்ளம் சூழ்ந்தது. வடக்கே பொன்னேரி பக்கம் ஆரணி ஆறு. கடம்பத்தூர் பக்கம் கூவத்தில் வெள்ளம் வந்தால் தரைப்பாலங்களைக் கடப்பதுதான் சிக்கல். வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும், ஊரை விட்டு வெளியே போக முடியாத நாட்கள் வரலாம்.

நிலத்தடி நீரும் ஊருக்கு ஊர் மாறும். கடலோரமான மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் உப்புநீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லி வரும் பிரச்னை. தொழிற்சாலைகளுக்கு அருகில் இடம் பார்ப்பவர்கள் தண்ணீருடன் புகை, தூசியையும் கணக்கில் சேர்க்கணும்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பக்கத்து வீட்டில் போர் எத்தனை அடி, மே மாதத்தில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

மாநகராட்சியா, ஊராட்சியா?

இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. ஒரே ரயில் தடத்தில் ஆவடி மாநகராட்சி, திருநின்றவூரும் திருவள்ளூரும் நகராட்சி, கடம்பத்தூர் ஊராட்சி. வடக்கே பொன்னேரி நகராட்சி, கும்மிடிப்பூண்டி பேரூராட்சி.

ஊராட்சியில் வீட்டு வரி குறைவாக இருக்கலாம். ஆனால் பாதாளச் சாக்கடை இருக்காது, செப்டிக் டேங்க்தான். புது மனைப்பிரிவில் தெருவிளக்கு, தார் ரோடு, குப்பை வண்டி வர நாளாகும். அந்தச் செலவையும் காத்திருப்பையும் மனை விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

மருத்துவத்துக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கடம்பத்தூருக்குப் பக்கம். அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வயதான அப்பா, அம்மா உடன் இருக்கும் குடும்பங்களுக்கு இது முக்கியமான பாயிண்ட்.

பேப்பர் சரியா இருக்கா? செக் லிஸ்ட்

* அங்கீகாரம்: டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண் இருக்கணும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' மட்டும் போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமில்லா மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பின் போட்டதற்கு அந்த வழி இல்லை.

* ரெரா: 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடு, மனைக்கு மேல் உள்ள திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

* வில்லங்கச் சான்று, பட்டா: வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்திலும், பட்டா, அ-பதிவேடு விவரத்தை வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்திலும் பார்க்கலாம். ஏரி, ஓடை, மேய்க்கால் புறம்போக்கு சர்வே எண் பக்கத்தில் இருந்தால் இரண்டு முறை யோசிக்கணும்.

* நில எடுப்பு: எல்லைச் சாலை, ரயில் இணைப்பு, சிப்காட் என நிலம் எடுக்கும் பகுதி இது. வாங்கும் சர்வே எண் எந்த அறிவிப்பிலாவது இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடணும்.

* பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதாவது 10,000 ரூபாய் மிச்சம்.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு இருந்து பாருங்க

ஊர் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் போய் இடம் பார்ப்பதால் தெரிந்துகொள்ள முடியாது. அன்றைக்கு ரோடும் காலி, ரயிலும் காலி.

அதனால் முடிந்தவர்கள் பதினோரு மாதம் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு பள்ளி அட்மிஷன் சீசன் என்று எல்லாமே அதற்குள் வந்துவிடும். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யணும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான்.

'வாடகை கொடுக்கிறது வேஸ்ட், விலை ஏறிடும்' என்று அவசரப்படுத்துபவர்கள் இருப்பார்கள். விலை ஏறலாம். ஆனால் தப்பான தடத்தில் வாங்கிய வீட்டுக்கு இருபது வருஷம் இஎம்ஐ கட்டிக்கொண்டே, வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு வாடகை வீடும் எடுக்கும் நிலை வந்தால் அந்த நஷ்டம் பதினோரு மாத வாடகையை விடப் பல மடங்கு. குறைந்தபட்சம் ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கே அந்த ஊரில் இருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.