விதையை வீசாதீர், சீனிக்கு அவசரப்படாதீர்: வீட்டிலேயே மார்மலேட்

பேரங்காடிகளில் போத்தலில் கிடைக்கும் மார்மலேட்டைப் பிரிட்டனில் பலர் ஆண்டுதோறும் வீட்டிலேயே தயாரிக்கின்றனர். குளிர்காலக் காலையில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயுடன் தடவிச் சாப்பிடுவது அங்குள்ள வழக்கம்.

இதற்குப் பெயர்பெற்றது ஸ்பெயினின் செவில் ஆரஞ்சு. அப்படியே சாப்பிட முடியாத அளவுக்குக் கசப்பும் புளிப்பும் கொண்டது. பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கடைக்கு வரும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

மார்மலேட்டைக் கெட்டியாக்குவது பெக்டின். அது விதையிலும் தோலின் உட்புற வெள்ளைப் பகுதியிலும் நிறைந்துள்ளது. எனவே, விதைகளை மெல்லிய துணியில் முடிந்து பழத்தோடு வேகவைப்பது அவசியம்.

1 கிலோ பழத்துக்கு 2 கிலோ சீனி, சுமார் 2.5 லிட்டர் நீர், ஓர் எலுமிச்சையின் சாறு தேவை. பழத்தைப் பிழிந்து, தோலை மெலிதாக நறுக்கி, சாறு, நீர், விதை முடிச்சுடன் சுமார் 2 மணி நேரம் சிறு தீயில் வேகவிட வேண்டும். தோலை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதன் பிறகே சீனி. முன்கூட்டியே சேர்த்தால் தோல் விறைத்துவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் மென்மையாகாது. பலரது உழைப்பு வீணாவது இங்கேதான்.

முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, சீனி முழுவதும் கரைந்ததும் தீயைக் கூட்டலாம். சுமார் 105 டிகிரி செல்சியஸில் பதம் வரும். வெப்பமானி இல்லையெனில், குளிரவைத்த தட்டில் ஒரு துளி விட்டுத் தள்ளிப் பார்க்கலாம்; மேற்பரப்பு சுருங்கினால் தயார்.

15 நிமிடம் ஆறவிட்டுக் கிளறிய பின் ஊற்றினால் தோல் மேலே மிதக்காது. சூடாக்கிய சுத்தமான போத்தலில் காற்றுப் புகாமல் மூடினால் பல மாதங்கள் கெடாது.