முசுக்கொட்டை, மாவுப்பூச்சி, குளவி: உடுமலை வட்டாரப் பட்டு வளர்ப்பில் உயிரின உறவுகள்

திருப்பூர் மாவட்டம் பின்னலாடையால் அறியப்படுவது. எனினும் அதன் தென்பகுதியாகிய உடுமலைப்பேட்டை வட்டாரம் வெண்பட்டுக்கூடு உற்பத்திக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள முசுக்கொட்டைத் தோட்டங்களில் நிகழ்ந்த ஒரு மாற்றம், உயிரினங்களுக்கிடையிலான உறவுகளை விளக்கத் தக்க சான்றாக அமைகின்றது.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. இந்தியாவில் இது முதன்முதலாக 2008ஆம் ஆண்டு கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, முசுக்கொட்டை, பருத்தி முதலிய பல பயிர்களிலும், பார்த்தீனியம் போன்ற களைகளிலும் இது பரவிற்று. தாயகத்தில் இதனைக் கட்டுப்படுத்திய இயற்கை எதிரிகள் இங்கு இல்லாமையே இப்பெருக்கத்திற்கு முதன்மைக் காரணம். பூச்சி வந்தது, அதன் பகை உடன் வரவில்லை.

பிற பயிர்களில் பூச்சிக்கொல்லி ஓரளவேனும் கைகொடுக்கும். முசுக்கொட்டையில் அவ்வழியும் எளிதன்று. தெளிக்கப்பட்ட இலையே பட்டுப்புழுவின் உணவாதலின், நஞ்சின் எச்சம் புழுவையே கொன்றுவிடும். மேலும், மாவுப்பூச்சியின் உடலையும் முட்டைப் பையையும் மூடியுள்ள மெழுகுப் படலம் மருந்தை எளிதில் உட்புகவிடாது. இவ்வாறு ஒரு பூச்சியைக் காக்க மற்றொரு பூச்சியை விட்டுவைக்க வேண்டிய நெருக்கடி உழவர்க்கு ஏற்பட்டது.

எறும்பின் பங்கும் இங்குக் கருதத்தக்கது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிகுதியை இனிப்பு நீராக வெளியேற்றுகின்றது. எறும்பு அதனை உண்டு, கைம்மாறாகப் பூச்சியை எதிரிகளிடமிருந்து காக்கின்றது. எஞ்சிய இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலையின் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கின்றது. எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் இருப்பது இருபால் நன்மை; செடிக்கோ இருமடங்குக் கேடு.

2010ஆம் ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. அங்குப் பெருக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தமிழகத்தில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவியே சிறப்பாக நிலைபெற்றது. இது மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு குஞ்சின் உட்பகுதியைத் தின்று வளரும்; குஞ்சு கூடாக உறைந்தபின் முதிர்ந்த குளவி அதைத் துளைத்து வெளியேறும். முசுக்கொட்டையையோ பட்டுப்புழுவையோ அது தீண்டுவதில்லை. 2011இல் மாவுப்பூச்சியின் தாக்கம் பெரிதும் தணிந்தது. மருந்து தெளிப்பதை நிறுத்திய தோட்டங்களிலேயே குளவி பெருக இயலும் என்பதால், தெளிக்காமையும் இம்முறையின் ஒரு கூறாயிற்று.

உள்ளூர் உயிரினங்களும் வாளா இருக்கவில்லை. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு இலையை விடுத்து மாவுப்பூச்சியையே உண்ணும். தானும் வெண்மாவு போர்த்தி இரையோடு இரையாகத் தோன்றும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போன்றிருப்பது ஆய்வாளர்கள் பலகாலமாக வியந்து குறித்துள்ள செய்தி. ஆயினும் ஓரினத்தையே நாடும் குளவியைப் போல் இதனால் பெரும்பரப்பில் கட்டுப்படுத்த இயலவில்லை. மாவுப்பூச்சி இன்றும் முற்றாக அழியவில்லை. அழிந்திருப்பின் குளவிக்கும் இரை இருந்திராது. களைகளில் எஞ்சும் சிறு தொகையே குளவியின் வழித்தோன்றலைத் தாங்குகின்றது.