ஸ்குவாஷ் பாட்டிலில் ஒரு மல்லுக்கட்டு

எலுமிச்சை ஸ்குவாஷ் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஐஎன்எஸ் 211’ என்று போட்டிருக்கும். சாறு நொதித்துக் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேட் அது. அதையே பாலில் கலந்தால் அநேகமாக வீண்.

சூட்சுமம் சாற்றின் புளிப்பில் இருக்கிறது. சாற்றில் அந்த உப்பு பென்சோயிக் அமிலமாகிறது. அது பலவீனமான அமிலம். அதன் மூலக்கூறுகளில் சில ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிட்டு மின்னேற்றத்தோடு நிற்கும். மற்றவை முழுசாகவே இருக்கும். பிஎச் 4.2-இல் இரண்டும் பாதிக்குப் பாதி. 3.2-க்கு இறங்கினால் முழு மூலக்கூறுகள் 90 சதவீதத்தைத் தாண்டும். பாலின் 6.6-இல் ஒரு சதவீதம்கூடத் தேறாது. முழு மூலக்கூறுதான், சாற்றை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் செல்லின் கொழுப்புச் சவ்வைச் சுலபமாகக் கடக்கும்.

செல்லுக்குள் புளிப்பு அதிகமில்லை. நுழைந்த அமிலம் அங்கே உடைந்து ஹைட்ரஜன் அயனியை உதிர்க்கிறது. சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் சுணங்குகின்றன. சவ்விலுள்ள புரதங்கள் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து அயனிகளை வெளியே தள்ளுகின்றன. பென்சோவேட்டைத் தள்ளவும் தனியாக ஒரு புரதம் உண்டு. வெளியே போனதோ புளிப்புச் சாற்றில் மறுபடி முழு மூலக்கூறாகி உள்ளே வருகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலைதான்.

இறைப்பதற்குக் கூலி வேண்டுமே! ஆக்சிஜன் இருந்தால் ஈஸ்ட் கூடுதலாகச் சுவாசித்து அதைச் சம்பாதிக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 1992-இல் இதை அளந்தே காட்டினார்கள்: அளவோடு பென்சோயிக் அமிலம் சேர்த்தபோது சுவாசம் ஏறியது, செல்களின் விளைச்சல் இறங்கியது. மூடிய பாட்டிலில் அந்த வசதி கிடையாது. நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே ஏடிபி. அதனால் பெருகுவதற்கு வேண்டிய சர்க்கரையெல்லாம் இறைப்பிலேயே கரைந்து, ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாகிறது. அமிலம் மிஞ்சினால் சுவாசம், நொதித்தல் இரண்டுமே படுத்துவிடும். ஆகவே, ‘அமிலம் நொதித்தலைத் தடுக்கும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பாதிதான் உண்மை. எவ்வளவு அமிலம், எந்த பிஎச், காற்று உண்டா என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எந்த ஈஸ்ட் என்றும் கேட்க வேண்டும். ஜைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்றொரு போக்கிரி இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் அளவு பென்சோவேட்டிலும் அது வளரும். அதன் கூட்டத்தில் சில செல்களுக்கு உட்பகுதியே கொஞ்சம் புளிப்பு. அதனால் உள்ளே வரும் அமிலம் அவ்வளவாக உடைந்து தேங்குவதில்லை. அந்தச் சில செல்கள் பிழைத்தாலே போதும், வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். இந்த ஈஸ்ட் புகுந்த ஆலையில் பென்சோவேட்டை நம்பிப் பயனில்லை. குழாய்களைக் கழுவுவதையும் சாற்றைச் சூடாக்குவதையும்தான் நம்ப வேண்டும்.