காவற் பதவியும் கால எல்லையும்

ஊரிலே களவு நேர்ந்தாலும் கலகம் மூண்டாலும், முதலில் விதானையாரிடம் ஓடுவதே நம் முன்னோர் வழக்கம். ஹெந்தளை போன்ற ஊர்களில் அமைதி காப்பதும் குற்றவாளியைப் பிடிப்பதும் ஊர்த் தலைமைக்காரரின் கடமைகளாக இருந்தன. அவரை ஊரார் தெரிவு செய்யவில்லை, அரசாங்கமே நியமித்தது. அப்பதவி ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் தங்கிவிடுவதும் உண்டு. 1963 ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது; கிராம சேவகர் வந்தனர்.

ஊராரே தெரிவு செய்திருந்தால் அக்குறை நீங்கியிருக்குமா? ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், ‘ஷெரிப்’ எனப்படும் வட்டாரக் காவல் தலைவரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். கைது செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. பல இடங்களில் சிறைச்சாலையும் அவர் பொறுப்பிலேயே இருக்கிறது. அத்தகையவரை எதிர்த்து நிற்க எத்தனை பேர் துணிவர்? வாக்குச் சீட்டு கையில் இருந்தும், அச்சம் அதனைப் பயனற்றதாக்கிவிடக் கூடும். ஆதலின் இந்தியானா மாநிலத்தின் அரசியலமைப்பு, எந்தப் 12 ஆண்டுக் காலத்திலும் 8 ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் ஷெரிப்பாக இருத்தலாகாது என விதிக்கிறது. மேற்கு வர்ஜினியாவில் தொடர்ந்து இரு முழுத் தவணைகளே எல்லை.

“அனுபவம் மிக்கவரை ஏன் இழக்க வேண்டும்?” என்று கேட்பாருளர். நியாயமான வினாவே. ஆயினும் இவ்விதிகள் அவரை என்றென்றைக்கும் விலக்கவில்லை. சில காலம் சாதாரணக் குடிமகனாக வாழ்ந்து, பிறருடைய அதிகாரத்தின்கீழ் இருந்து பார்த்தபின், மக்கள் விரும்பினால் மீண்டு வரலாம்.

இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921 ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு இதற்குச் சான்று. ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் கவனித்த வாரியங்கள் காவற்படைகள் அல்ல. அவற்றில் அமரும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கவில்லை. எனினும் குடவோலையால் தெரிவானவரின் பதவிக் காலம் 360 நாள்களே. முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. இன்னும் ஒன்று: கணக்குக் காட்டாது போனவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்விறுதி விதியே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அண்ணன் இறங்கத் தம்பி ஏறுவானாயின், கால எல்லை ஏட்டளவில் நின்றுவிடும். பதவியிலிருந்து இறங்கும் நாளும் வேண்டும். இறங்கியவர் கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் வேண்டும். இவ்விரண்டும் உள்ள ஊரில்தான் காவலர் ஊருக்கு உரியவராக இருப்பார். ஊர் அவருக்கு உரியதாகிவிடாது.